ஆட்டுக்குக் கொடுத்த உப்பு

என் கை நடுங்குகிறதே என்று பார்க்காதீர்கள், அதிகாரியம்மா. பயத்தில் நடுங்குகிற கை இல்லை இது. பல வருடமாகவே இப்படித்தான். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் இடுக்கியால் ஒரு கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாய்க்குள் இறக்கும்போது மட்டும் நடுங்காது. வீட்டில் சூப்பைச் சட்டையில் கொட்டிக்கொள்கிற ஆள் இங்கே வந்தால் எப்படி மாறிவிடுகிறார் பார் என்று லேபில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆடுகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். லியுத்மீலா எழுதிக் கொடுத்த புகார் உங்கள் மேசைமேல் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். ஒன்றைக்கூட மறுக்கப்போவதில்லை, அதனால் நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய வேலையும் இல்லை. என்ன நடந்தது என்று அவள் ஒழுங்காகச் சொல்லியிருப்பாள். ஏன் நடந்தது என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நல்ல கால்நடை மருத்துவர், கெட்டிக்காரி. ஆனால் படித்து முடித்து வேலைக்காக எங்கள் சேமெய் நகரத்துக்கு வந்தவள். இந்த மண்ணில் பிறந்தவள் இல்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு குழம்பும். சினையாட்டை அறுத்துக் கருவை வெளியே எடுப்பது லியுத்மீலா. அதன்பிறகு அது என் பொறுப்பு. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதை அயோடினில் ஊறப்போடுவேன். அயோடின் உள்ளே இறங்க இறங்கக் கரு நல்ல தேன் நிறத்துக்கு வரும். அப்போதுதான் எக்ஸ்ரேயில் சதை வேறு, நரம்பு வேறு என்று பிரிந்து தெரியும். பிறகு ஸ்கேன் இயந்திரத்துக்குள் நிறுத்தினால் அது மெல்லச் சுற்றும், ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் விழும். கம்ப்யூட்டர் அத்தனையையும் சேர்த்து முழு உருவமாகத் திரையில் நிறுத்திவிடும். திருப்பலாம், கவிழ்க்கலாம், கத்தியே இல்லாமல் எந்த இடத்திலும் வெட்டிப் பார்க்கலாம். இதயத்துக்குள் நுழைந்து நடுச்சுவர் மூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். வாய்க்குள் நின்று அண்ணம் ஒட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கலாம். உங்களையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன், நிலைமை இப்படி ஆகாமல் இருந்தால்.

இதெல்லாம் எதற்கு என்றால், பழைய அணுகுண்டுச் சோதனைத் திடலை ஒட்டிய மேய்ச்சல் நிலத்துக்காக. குண்டு வெடித்த காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மண் ஆறிவிட்டதா, இல்லையா என்று தலைநகரில் ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அங்கே மேய்கிற ஆட்டின் வயிற்றில் குறையுள்ள கரு உண்டாகிறதா என்பதற்கு எங்கள் படங்கள்தான் சாட்சி. ஆறிவிட்டது என்று அவர்கள் சொல்லிவிட்டால் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கிடைக்கிற மருத்துவமும் உதவியும் நின்றுபோகும். அதுவாவது போகட்டும். அங்கே குறையோடு பிறந்தவர்கள் எல்லாரும் அன்றிலிருந்து சும்மா குறையோடு பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். யாரும் எதையும் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

நான் மூன்று குளிர்காலம் படம் எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. இதயம் சரி, அண்ணம் சரி, முதுகெலும்பு மணி கோத்த மாதிரி ஒழுங்கு. எங்கள் இயக்குநர் வந்து என் தோளைத் தட்டினார்.

“சாபித், நல்ல சேதிதான்யா! மண்ணு ஆறிடுச்சு. மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கே? கேக் சொல்லியிருக்கேன், வந்து தின்னு.”

போய்த் தின்றேன். கிரீம் வைத்த கேக். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் தவ்ரேன். அவனுக்கு முகத்தின் இடதுபக்கம் உருவாகவே இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா அவனை அடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்து முன்னால் கம்பளத்தைத் தொங்கவிடுவாள். அவன் சத்தமே போடமாட்டான், நல்ல பிள்ளை. நான் பெரியவர்களோடு உட்கார்ந்து கறி தின்றுகொண்டே அந்தக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது வருவதற்குள் போய்விட்டான். அப்போது நகரத்திலிருந்து வந்த மருத்துவர் என் அப்பாவிடம், சொந்தத்துக்குள் கட்டியிருப்பீர்கள், அதனால்தான் இப்படி என்றார். ஏழு தலைமுறைக்குள் உறவே இல்லை என்று பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள் நாங்கள். பாட்டன் முப்பாட்டன் பெயரை ஏழுவரைக்கும் சொல்லத் தெரியாதவனை மனிதனாகவே மதிக்காத ஊர். என் அப்பா எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் கடைசிவரைக்கும் இருந்தார்.

ஆகவே எனக்கு உண்மை தெரியும். சந்தேகமே கிடையாது. உண்மை இருந்தது, அதற்குச் சாட்சி மட்டும் இல்லாமல் போயிற்று. மண் தாமதமாக ஆறியதா, ஆடுகள் பழகிக்கொண்டனவா, எனக்குத் தெரியாது. என் தம்பியைப் படம் எடுக்க அன்றைக்கு இயந்திரம் இல்லை என்பதால் அவன் பொய்யாகிவிடுவானா? சொல்லுங்கள். யோசித்து யோசித்து, என்னால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று வந்து நின்றேன்.

அல்தாய் மலைப்பக்கம் ஒரு செடி உண்டு. ஆடு சினையாகும் பருவத்தில் அங்கே இடையர்கள் மந்தையை அந்தச் சரிவுக்கே விடமாட்டார்கள். பெயர் வேண்டாம். நீங்கள் எழுதிக்கொண்டால் நாளைக்கு வேறு யாராவது படிப்பார்கள். அதன் வேரைப் பொடித்து உப்போடு பிசைந்து கட்டிகளாக அழுத்தினேன். குளிர்காலத்தில் ஆடு நக்குவதற்கு உப்புக் கட்டி கொடுப்பது எங்கள் நிலையத்தின் வழக்கம்தான், ஆடுகளை எங்களுக்குத் தருகிற இடையர்களுக்கு இலவசம். எல்லா மந்தைக்கும் நான் இதைக் கொடுக்கவில்லை. ஓரஸ்பெக் என்கிற இடையனின் மந்தைக்கு மட்டும், அளவோடு. நான் ஒன்றும் கொடூரன் இல்லை.

படங்கள் வந்தன. இரண்டு கண்ணும் நடுநெற்றியை நோக்கி நகர்ந்து ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மூக்கு இல்லை. மூளை இரண்டாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிட்டிருந்தது. ஆடு அதை உணர்ந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைநகரிலிருந்து போன்மேல் போன். லியுத்மீலா மட்டும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சாபித், இது மண்ணு செஞ்ச மாதிரி இல்லையே. மண்ணு செஞ்சா ஒண்ணுக்குக் காலு, ஒண்ணுக்கு இதயம்னு பத்து தினுசா வரும். இது எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரில்ல இருக்கு?”

“ஒரே மந்தை, ஒரே மேய்ச்சல். வேற எப்படி இருக்கும்?”

“அதுசரி. எல்லாத்துக்கும் உங்கிட்ட பதிலு இருக்கு.”

அதோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஆடு விஷயம் இவ்வளவுதான். இதற்கு வேலை போகும், தண்டனையும் இருக்கும், ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் சற்றுமுன் நீங்கள் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒன்றைக் கேட்டீர்கள். ஓரஸ்பெக் வீட்டில் தேநீர் குடிப்பதை ஏன் நிறுத்தினேன் என்று. அவன் அதை உங்களிடம் ஒரு குறையாகச் சொல்லியிருப்பான். எப்போதும் குடிக்கிறவர், திடீரென்று ஒருநாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார், அப்புறம் தொடவே இல்லை என்று. எங்களில் அது பெரிய மனத்தாங்கல். எதிரி வீடாக இருந்தாலும் தேநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. நீங்கள் கெட்டிக்காரி. வேறு யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஓரஸ்பெக் வாயாடி. ஆள் கதவளவு இருப்பான், வாய் ஓயாது. அவன் மனைவி காம்ஷாத் மலைப்பக்கத்துப் பெண். அந்தப் பக்கத்தில் தேநீரில் பாலோடு உப்பும் போடுவார்கள், இங்கே போடமாட்டோம். கல்யாணமாகி வெகுகாலம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மட்டும் ஓரஸ்பெக் கிண்டல் செய்யமாட்டான். மற்ற எல்லாவற்றையும் செய்வான்.

நான் இரண்டாவது தடவை உப்பு கொண்டுபோன நாள் அது. வெளியே நல்ல குளிர். மேசையில் ரொட்டி, வெண்ணெய், உலர்ந்த தயிர்க்கட்டி எல்லாம் பரப்பியிருந்தது. காம்ஷாத் தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டினாள். அடுப்பு ஓரத்தில் ஒரு சுத்தியல் கிடந்தது, பக்கத்தில் உடைத்த உப்புக் கட்டி. நான் கொடுத்த கட்டி.

“இவ வந்த நாள்லேருந்து நான் டீயே குடிக்கல அண்ணே, சூப்புத்தான் குடிக்கிறேன்” என்றான் ஓரஸ்பெக்.

“குடிக்கிறது கிண்ணம் கிண்ணமா. பேச்சப் பாரு!” என்று சொல்லிவிட்டு காம்ஷாத் ஒரு சிறிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “கடை உப்பு இப்பல்லாம் பிடிக்கவே மாட்டேங்குது அண்ணே. நீங்க கொண்டாந்ததுல லேசா ஒரு கசப்பு இருக்கு பாருங்க, நாக்கு அதத்தான் கேக்குது.”

“ஆட்டுக்குப் போட்டத எடுத்துத் திங்கிறா. ஆடெல்லாம் என்னையப் பாத்து மொறைக்குது.”

“அய்ய, சும்மா இருங்களேன்!”

அவள் முகம் சிவந்துபோயிற்று. ஓரஸ்பெக் அடக்கமாட்டாமல் சிரித்தான், ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. எங்களில் கர்ப்பத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கண் பட்டுவிடும். வயிறு தானாகத் தெரிகிறவரைக்கும் வீட்டார் வாயே திறக்கமாட்டார்கள். வந்தவனும் கேட்கக்கூடாது. ஆனால் மசக்கைக்காரி எதைக் கேட்டாலும் ஊரைச் சுற்றியாவது கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வராது.

“குடிங்க அண்ணே, ஆறுது.”

“வயிறு சரியில்லம்மா.”

“வயிறு சரியில்லாதவுகளுக்குத்தானே டீயே! என்ன, எங்க வீட்டு டீ திடீர்னு கசந்துபோச்சா?”

நான் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். ஓரஸ்பெக் முகத்தைத் திருப்பிக்கொண்டே வண்டிவரைக்கும் வந்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆட்டு மருந்து கலந்த உப்பு, மனிதர் தின்னக்கூடாது என்று சொன்னால் முடிந்தது. உங்கள் முகத்தில் அதுதான் எழுதியிருக்கிறது. நானும் திரும்பி வருகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்தேன். ஆனால் ஓரஸ்பெக்கிடம் சொன்னால் சந்தையில் சொன்ன மாதிரி. மருந்தாமே, என்ன மருந்து என்று மறுநாளே லியுத்மீலா வந்து நிற்பாள். எடுத்த படம் எல்லாம் குப்பைக்குப் போகும். ஓரஸ்பெக்கின் மந்தையில் பாதி ஆடு இன்னும் பாக்கி இருந்தது. என் கை கட்டப்பட்டிருந்தது, அதிகாரியம்மா. அந்த மாதிரி ஒரு கையாலாகாத்தனத்தை நான் என் வாழ்க்கையில் அனுபவித்ததே இல்லை.

அடுத்த தடவை போகும்போது நல்ல உப்பாக மாற்றி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நிஜமாகவே முடிவு செய்தேன். பனிப்புயல் வந்து பாதையை மூடிவிட்டது. புயலை நான் வரவழைக்கவில்லையே. பாதை திறந்த அன்றைக்கே காம்ஷாத் போன் செய்தாள்.

“அண்ணே, உப்பு தீந்துபோச்சு. ஆட்டுக்குத்தான் கேக்கறேன், வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

கொண்டுபோனேன். ஆமாம், அதே உப்புதான். மந்தையில் பாதியில் மாற்றினால் படங்களும் பாதியில் மாறும், லியுத்மீலாவுக்கு அதுவே போதும். தவிரவும் அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். மசக்கைக்காரி கேட்டதை இல்லை என்று சொல்வது எங்களில் கிடையாது. அவள் தின்றது துண்டு துண்டாகத்தானே, ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். பல ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பனி இளகத் தொடங்கியபோது இரண்டு பேரும் லேபுக்கே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் படம் அவள் கைப்பைக்குள் இருந்தது. ஓரஸ்பெக் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

“ஆஸ்பத்திரில எங்க மூஞ்சியப் பாத்துப் பேசவே மாட்டேங்கறாங்க அண்ணே. என்னென்னமோ சொல்றாங்க, ஒரு எழவும் வெளங்கல. படம் பாக்கத் தெரிஞ்ச ஆளு எங்களுக்கு நீங்க ஒருத்தருதான்.”

பார்த்தேன். ஆஸ்பத்திரிப் படம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு அவ்வளவு தெளிவு தேவையில்லை. அந்த உருவத்தை எனக்கு எல்லாக் கோணத்திலும் தெரியும்.

“கண்ணு ரெண்டும் இருக்கா அண்ணே?” என்று காம்ஷாத் கேட்டாள். அவள் அழவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்கிற நம்பிக்கையில் என் வாயையே பார்த்தாள்.

“மண்ணும்மா” என்றேன். “இந்த மண்ணு.”

ஓரஸ்பெக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “நாந்தான்” என்றான். “வேலிக்கு அந்தப்புறம் புல்லு நல்லா இருக்குன்னு நாந்தான் மந்தைய ஓட்டிட்டுப் போனேன். அந்த ஆட்டுக் கறியத்தான் இவளுக்கு ஆக்கிப் போட்டேன். அய்யோ, நாந்தாண்ணே!” அவ்வளவு பெரிய ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன். உன் தப்பு இல்லை ஓரஸ்பெக், உன் தப்பு இல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு யார் அவனுக்கு அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

பிள்ளை பிழைக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கலைக்க நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் நான் காம்ஷாத்திடம் போய் உட்கார்ந்து கேட்டேன், மண்ணுக்குப் போகவேண்டியதைச் சிலநாள் என்னிடம் கொடு, தலைநகரில் இருப்பவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. ஓரஸ்பெக் என்னை அடிக்க வந்தான். அவள்தான் தடுத்தாள்.

“குடுத்துருங்க. இனிமே ஒருத்திக்கும் இது வரக்கூடாது. அண்ணன் நமக்காகத்தானே கேக்கறாரு.”

ஆண் பிள்ளை. ஆட்டுக் கருவைவிடப் பெரியது, அயோடின் இறங்க வெகுநாள் பிடித்தது. நான் அவசரப்படவில்லை. பக்கத்திலேயே இருந்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்தப் படத்தைப்போல ஒரு படத்தை நான் அதற்கு முன் எடுத்ததில்லை, இனியும் எடுக்கப்போவதில்லை. விரல் நகம்கூடத் தெரிந்தது. குழுவினர் அதைத் திரையில் சுற்றவிட்டுப் பார்த்தபோது ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள், மண் ஆறவில்லை என்று. உதவி நிற்கவில்லை. எத்தனை ஊர், எத்தனை குடும்பம், கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தவ்ரேனுக்காக வாய்விட்டு அழுதேன்.

லியுத்மீலா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் தன் மேசையைக் காலி செய்துகொண்டு போய்ப் புகார் எழுதியிருக்கிறாள். அதில் ஆட்டை மட்டும் எழுதியிருக்கிறாள். மற்றதை எழுத அவளுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. ஆகவே நானே சொல்லிவிட்டேன், உங்களுக்கு வேலை மிச்சம். உப்பைச் செய்தது நான். அவள் தின்றதைப் பார்த்தது நான். திரும்பவும் கொண்டுபோய்க் கொடுத்தது நான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுதல். நேற்று காம்ஷாத் இங்கே வாசல்வரைக்கும் வந்திருந்தாள், எனக்கென்று எண்ணெயில் பொரித்த ரொட்டி எடுத்துக்கொண்டு. எங்களுக்காகப் பேசின மனுஷன உள்ள வச்சிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா என்று காவலரிடம் சண்டை போட்டாளாம். அவளுக்கு உப்பைப் பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள். இப்போதுதான் கொஞ்சம் தேறி எழுந்து நடமாடுகிறாள். கேட்டால் உடைந்துபோவாள். அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.